அமுங்காத தரை

முதலில் உள்ளங்கையின் அடிமேட்டை வைத்து ஓர் அமுக்கு. அப்புறம் கையை எடுக்காமல் தளர்த்தி, அமுங்கியது முழுசாக மேலே வருகிறதா என்று ஒரு காத்திருப்பு. வந்தால் தலையை ஆட்டுவாள். வராவிட்டால் உதட்டைப் பிதுக்கி, "இது தூங்கிடுச்சு" என்பாள். பஸ் சீட்டோ, பல் டாக்டரின் நாற்காலியோ, பேக்கரித் தட்டில் இருக்கும் ரொட்டியோ, மெத்தை அக்கா இப்படி அமுக்கிப் பார்க்காமல் விட்டது கிடையாது. பேக்கரிக்காரர் இப்போதெல்லாம் அவளைக் கண்டதும் தட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறார்.

தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். முன்பக்கம் கடை, திரைச்சீலைக்குப் பின்னால் வீடு. புது மெத்தை தைப்பாள், பழைய சோபாவின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருப்பதை மாற்றுவாள். ஆள் ஒல்லி. நாலு பேர் சேர்ந்து தூக்கும் சோபாவை அவள் ஒருத்தியாக ஒரு காலில் முட்டுக் கொடுத்துப் புரட்டிவிடுவாள். வளைந்த பெரிய ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டே விலையும் பேசுவாள். "உக்காந்து பாத்துட்டு மெத்தை வாங்காதீங்க, படுத்துப் பாருங்க. உக்காந்துக்கிட்டே தூங்க நீங்க என்ன ஆபீசுலயா இருக்கீங்க?" என்பாள். ஆபீசில் வேலை பார்ப்பவர்களும் சிரித்துக்கொண்டே படுத்துப் பார்ப்பார்கள்.

மனுஷ உடம்பின்மேல் கெட்டியாக எதுவும் படக்கூடாது என்பது அவளுடைய கொள்கை. மர நாற்காலியில் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவளுக்கே முதுகு வலிக்கும். வந்தவர்கள் உட்காருவதற்குள் ஒரு குஷனைச் செருகிவிடுவாள். தபால்காரர் சைக்கிள் சீட்டுக்கு உறை, எதிர்வீட்டுக் கிழ நாய்க்கு ஒரு குட்டி மெத்தை எல்லாம் அவள் கைவேலைதான். இந்தக் கொள்கைதான் ஒருநாள் அவளை வசமாக மாட்டிவிட்டது.

அவள் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்னும் டிரைவர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். அக்கா மாதிரி ரெண்டு பேரை அவர் சட்டைக்குள் வைத்துப் பொத்தான் போடலாம். ஓய்வு பெற்ற மறு வருஷமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டென்ட் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், "பம்ப்பிங் கம்மியா இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பார்த்துக்கொள்வது என்றால் என்ன செய்வது என்று அக்காவுக்குப் புரியவில்லை. தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஒரு மெத்தை தைத்தாள்.

அது மாதிரி ஒரு மெத்தையை அவள் யாருக்கும் விற்றதில்லை. அடியில் கொஞ்சம் கெட்டி, நடுவில் மிருது, மேலே அதைவிட மிருது என்று அடுக்கடுக்காக வைத்து, கையாலேயே ஓரம் அடித்திருந்தாள். கட்டிலும் உயரம், மெத்தையும் உயரம் என்பதால் டிரைவர் ஒரு முக்காலி போட்டு ஏறித்தான் படுக்க வேண்டும். "படுத்தா உடம்பு எங்க இருக்குன்னே தெரியல" என்று அவர் சொன்னபோது அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நோயே பாதி குணமாகிவிட்டதென்று நினைத்துக்கொண்டாள்.

நெஞ்சு நோயாளியின் வீட்டு ஆட்கள் கட்டாயம் வந்து, நின்றுபோன நெஞ்சை அமுக்கி உயிர் காக்கும் சி.பி.ஆர் பழக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு தடவை சோபா ஆர்டர் என்று சொல்லித் தப்பித்தாள். அடுத்த தடவை தலைவலி. உண்மையில் அவளுக்குப் பயம். "அந்த மனுஷன் மாருல கையை வெச்சு நான் அமுக்கறதா? கை வருமா எனக்கு?" என்று நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனார் டிரைவரின் அக்கா, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அடுத்த தெருவில் இருந்துகொண்டு வாரத்துக்கு ரெண்டு தடவை தம்பியைப் பார்க்க வருவார். "நல்லா இருக்கிறவனுக்கு ஒத்திகை பாக்குறாங்களாமா? வாயில நல்ல வார்த்தையா வரச் சொல்லு" என்றார் அவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனாரும் அவளும் ஒரே பக்கம் நின்றது அந்த ஒரு விஷயத்தில்தான்.

விட்டுவிடுகிற ஆளாக இல்லை ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ். போன் பண்ணினார். "நாளைக்கு நீங்க வரலைன்னா நான் உங்க கடைக்கு வந்துடுவேன், பொம்மையத் தூக்கிக்கிட்டு." அமுக்கிப் பழகுவதற்கான, கைகால் இல்லாத பிளாஸ்டிக் பொம்மை ஒன்றைக் கடை வாசலில் கிடத்தினால் வியாபாரம் என்னாவது? அக்கா கிளம்பிப் போனாள்.

அங்கே ஒரு கூடத்தில் வரிசையாகப் பொம்மைகள் வெறுந்தரையில் கிடந்தன. ஒரு வாத்தியார் தன் அப்பாவுக்காக வந்திருந்தார், கல்யாணமாகி மூன்று மாதமே ஆன பெண் ஒருத்தி புருஷனுக்காக வந்திருந்தாள். அழுத்தம் சரியாக விழுந்தால் பொம்மையின் தோளில் பச்சை விளக்கு எரியும். எல்லோருக்கும் எரிந்தது. அக்காவுக்கு மட்டும் எரியவில்லை. நர்ஸ் வந்து கையின் இடத்தைப் பார்த்தார், முழங்கை மடங்காமல் இருக்கிறதா என்று பார்த்தார். கடைசியில் பொம்மையைப் புரட்டினார். முதுகுக்குக் கீழே ஒரு குஷன் இருந்தது.

"யாரு வெச்சது இது?"

"நாந்தாம்மா. வெறுந்தரையில கெடக்கே, முதுகு வலிக்காதா?"

கூடமே சிரித்தது. நர்ஸும் சிரித்தார். பிறகு குஷனை உருவிவிட்டு, "இப்ப அமுக்குங்க" என்றார். விளக்கு எரிந்தது. "பாத்தீங்களாக்கா? கீழ மெத்துனு இருந்தா நீங்க குடுக்கிற அமுக்கெல்லாம் மெத்தைக்குத்தான் போகும். நெஞ்சுக்குப் போகாது. ஆள் கட்டில்ல விழுந்து கெடந்தா முதல்ல கெட்டியான தரைக்குக் கொண்டு வந்துடணும்."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "மெத்தை கனமா இருந்தா?"

"கனமா இருக்க இருக்க மோசம்."

ஆசை ஆசையாக அடுக்கி அடுக்கித் தைத்தது எதை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவ்வளவு உயரத்திலிருந்து அந்தப் பெரிய உடம்பை அவள் ஒருத்தி எப்படிக் கீழே கொண்டுவருவாள்? சுற்றிலும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தில் நர்ஸ் அவளைப் பாராட்டினார். ஒவ்வொரு அமுக்குக்கும் பிறகு நெஞ்சு முழுசாக மேலே வர விட வேண்டும், அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். மற்றவர்கள் பொம்மைமேல் சாய்ந்தே கிடந்தார்கள், அக்காவுக்கு அந்த விடுதல் கையோடு வந்திருந்தது. அமுக்குவதுதான் வரவில்லை. "தடவிக் குடுக்கிறீங்கக்கா. நல்லா இறங்கணும்." "எலும்பு முறிஞ்சிடுமேம்மா." "முறியலாம். முறிஞ்ச எலும்பு ஒட்டிக்கும். போன ஆளை ஒட்ட வைக்க முடியாது." இன்னொன்றும் சொன்னார். ஆள் நினைவில்லாமல் கிடக்கும்போது இடைவெளி விட்டுத் திணறித் திணறி, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரலாம். "அது மூச்சு இல்ல. மூச்சு இருக்கேன்னு ஏமாந்துடாதீங்க."

வீடு திரும்பியவள் கடையைத் திறக்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கட்டில் கால்கள் நாலையும் குட்டையாக அறுக்கச் சொன்னாள். டிரைவர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பஸ்ஸு மாதிரி இருந்தது. சைக்கிள் ரிக்‌ஷா ஆக்கிட்டியே" என்று அவர் சொன்னதை அக்கா காதில் வாங்கவில்லை. மெத்தையின் ஓரத்தில் தூக்குவதற்காகத் தைக்கும் தடித்த நாடாவை எடுத்தாள். அதில் ரெண்டு பிடி செய்து, ஒரு கான்வாஸ் துணியின் தோள் பக்கத்தில் வைத்து மூன்று தையல் ஓட்டினாள். அந்தத் துணியை மெத்தைக்கு மேலே, விரிப்புக்குக் கீழே போட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குத் தரையை ஒழித்துவிட்டாள். முக்காலி போயிற்று, செருப்பு போயிற்று, பழைய பேப்பர் அடுக்கு போயிற்று. அந்த இடத்தில் யாரும் எதையும் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது.

மெத்தையை மட்டும் தொடவில்லை. "தூங்குறதுக்கு அது வேணும்" என்றாள்.

அப்புறம் ஒத்திகை. டிரைவர் பிணம் மாதிரிக் கிடக்க வேண்டும், அக்கா பிடியைப் பிடித்து இழுத்துத் தன் தொடைமேல் அவர் தலை சரிகிற மாதிரி தரைக்கு இறக்க வேண்டும். உயிரோடு இருப்பவரை அமுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் ஒத்திகை அத்தோடு முடியும். இந்த இறக்குமதி சாமானியத்தில் முடிகிற காரியமில்லை. டிரைவருக்கு விலாவில் கூச்சம். பாதி வழியில் சிரித்துவிடுவார், சிரிக்கிற உடம்பு இன்னும் கனக்கும். "செத்தவன் சிரிக்கக் கூடாதுங்க" என்பாள் அக்கா. "செத்தவனுக்குக் கூச்சமே இருக்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலையே" என்பார் அவர். நாத்தனார் இதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அந்தப் பக்கம் வரவில்லை. பொம்மைக்குப் பதிலாகத் துண்டுப் பஞ்சை இறுக்கிச் செய்த ஒரு கெட்டிக் கட்டை. கடை திறக்குமுன் தினமும் அதைத் தரையில் போட்டு, வாயால் எண்ணிக்கொண்டே குத்து குத்தென்று குத்துவாள். பால்காரர், "வீட்டுக்காரர் மேல அப்படி என்னக்கா கோவம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நடந்தது ஒரு பட்டப்பகலில். சாப்பாட்டுக்கு மேல் டிரைவர் மெத்தையில் சாய்ந்து தன் அக்காளோடு பேசிக்கொண்டிருந்தார். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து தம்பிக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். மெத்தை அக்கா திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் கடையில் ஒரு குஷனுக்கு வாய் தைத்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்றது. கர்ரென்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று.

"பேசிக்கிட்டே தூங்கிட்டான் பாரு. என்ன குறட்டை" என்றார் நாத்தனார்.

அக்காவுக்கு இருபத்தெட்டு வருஷமாகப் பழகின குறட்டை அது இல்லை. உள்ளே ஓடினாள். தோளைத் தட்டினாள். "என்னங்க. என்னங்க." கண் திறக்கவில்லை.

"அண்ணி, இது குறட்டை இல்ல. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்க. மூச்சு இல்லன்னு சொல்லுங்க."

சொல்லிக்கொண்டே விரிப்பை விலக்கிப் பிடி ரெண்டையும் பிடித்தாள். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. உடம்பு முழுசாக அவள்மேல் சரிந்து தரைக்கு வந்தது. நாத்தனார் போனைக் காதில் வைத்தபடியே கத்தினார். "ஐயோ, அவனை ஏம்மா தரையில போடுற? மெத்தையிலயே இருக்கட்டுமே."

"மெத்தையில இருந்தா போயிடுவாருண்ணி."

மண்டியிட்டாள். நெஞ்சின் நடுவில் ஒரு கை, அதன்மேல் இன்னொரு கை. ஒண்ணு, ரெண்டு, மூணு. பஞ்சுக் கட்டை வேறு, கட்டின புருஷன் வேறு. அப்படியும் இறக்கினாள். கொஞ்ச நேரத்தில் கைக்கு அடியில் ஏதோ முறிந்தது. பழைய சோபாவுக்குள்ளே சட்டம் முறிந்தால் காதுக்கு முன் கைக்குத் தெரியும், அது மாதிரி. அவள் கை நின்றுவிட்டது. கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். "ஒட்டிக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மறுபடி அமுக்கினாள்.

வியர்வை கண்ணில் இறங்கியது. எண்ணுவதற்கு மூச்சு போதவில்லை. எண்ணிக்கை நின்றால் கையும் தடுமாறுமே என்று அவள் பயந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குரல் எண்ண ஆரம்பித்தது. போனைத் தரையில் வைத்துவிட்டு நாத்தனார் எதிரே மண்டியிட்டிருந்தார். ஒத்திகை வேண்டாம் என்ற அதே வாய், அழுதுகொண்டே, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று விடாமல் சொன்னது. இடையில் ஒன்றிரண்டு எண்கள் தப்பின. வேகம் தப்பவில்லை. வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் வரை ஒருத்தி எண்ணினாள், ஒருத்தி அமுக்கினாள்.

வந்தவர்கள் பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்தார்கள். திரும்பவும் கொடுத்தார்கள். ஒருவர் டிரைவரின் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு, "இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் அக்கா தரையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். மடங்கிய விரல்கள் நிமிரவில்லை. நாத்தனார் அந்த விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, "வீட்டுல யாரு அமுக்குனது?" என்று கேட்டார். திட்டப்போகிறார் என்றுதான் அக்கா நினைத்தாள். "நாந்தாங்க. எலும்பு முறிஞ்ச மாதிரி இருந்தது. தெரியாம நடந்துபோச்சு."

"முறிஞ்சுதான் இருக்கு" என்றார் டாக்டர். "நல்லா முறிச்சீங்க. அதனாலதான் இன்னிக்கு உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன். இல்லன்னா ஆறுதல் சொல்லிக்கிட்டிருப்பேன்."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஆசை தீர அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, உட்கார்ந்திருந்த பெஞ்சை உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்து, "தூங்கிடுச்சு" என்றாள். நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிரைவரின் தோளுக்குக் கீழே இப்போது தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி இருக்கிறது. இதயம் தாளம் தப்பினால் அதுவே உதைத்துச் சரிசெய்யும் என்கிறார்கள். விலா எலும்பு மட்டும் தும்மினால் இன்னும் வலிக்கிறது. தும்மல் வரும்போதெல்லாம் மார்பைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களிடம் வழக்கு வைக்கிறார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? இருபத்தெட்டு வருஷக் கோவத்தையும் ஒரே நாள்ல தீத்துக்கிட்டா. கேஸ் போடலாம்னு இருக்கேன்."

"போடுங்க" என்கிறாள் அக்கா, ஊசியை உதட்டிலிருந்து எடுக்காமலேயே. "வக்கீல் ஆபீசுக்கும் நம்ம குஷன்தான் போகுது."

வியாபாரப் பேச்சுதான் கொஞ்சம் கெட்டுவிட்டது. மெத்தை வாங்க வருபவர்களிடம் அளவு கேட்கும் முன், "வீட்டுல யாருக்காவது நெஞ்சு வலி உண்டா?" என்று கேட்கிறாள். உண்டு என்று சொல்லிவிட்டால் அவர்கள் தப்ப முடியாது. கட்டில் எவ்வளவு உயரம், பக்கத்தில் ஓர் ஆள் படுக்கத் தரை இருக்கிறதா, ஆஸ்பத்திரியில் போய்ப் பழகிவிட்டீர்களா என்று விசாரணை நடக்கும். ரெண்டு பேர் பயந்துபோய் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். நெஞ்சில் கோளாறுள்ள ஒரு பையனின் அம்மா மட்டும் மெத்தையை வாங்காமல் நர்ஸின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். அன்று அக்காவுக்கு நல்ல வியாபாரம் ஆன சந்தோஷம். கான்வாஸ் பிடியை யாருக்கும் அவள் விற்பதில்லை, சும்மா தைத்துக் கொடுக்கிறாள்.

அடுத்த வகுப்புக்கு நாத்தனாரையும் அழைத்துப் போனாள். அழைத்துப் போனாள் என்பதைவிட, அவர்தான் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார் என்று சொல்வது சரி. "எண்ண மட்டும் தெரிஞ்சா போதுமா?" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தார். கையில் பழப் பை, கனமாக இருந்தது. தம்பியிடம் பேசிக்கொண்டே பழைய பழக்கத்தில் அதைக் கட்டில் ஓரத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு வார்த்தை பேசியிருப்பார். பேச்சு பாதியில் நின்றது. குனிந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"கீழ வையேன்க்கா, பாரமா இருக்கும்" என்றார் டிரைவர்.

"இருக்கட்டும்டா. என்ன பெரிய பாரம்?"

கழுவிக் கொண்டுவந்த பழங்கள் போலிருக்கிறது. பை இருந்த இடத்தில் தரை ஈரமாகியிருந்தது. மெத்தை அக்கா கடையிலிருந்து எழுந்து வந்து, இடுப்பில் செருகியிருந்த துணியால் அதைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையின் அடிமேட்டை வெறுந்தரையில் வைத்து ஒரு தரம் அமுக்கினாள். அது அமுங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு எழுந்தாள்.